மொட்டைமாடியில் கிடக்கும் பழைய டிஷ்ஷை எடைக்குப் போடாதீர்கள்

"பழைய டிஷ் பாக்ஸ் ஒண்ணு பரண்ல கெடக்கு. அதுல ஆன்டெனா வயரைச் சொருகினா மாசக் காசு கட்டாம டிவி வருமா?"

எலக்ட்ரானிக்ஸில் கொஞ்சம் கைவைக்கத் தெரிந்தவன் என்று சொந்தபந்தத்தில் பேர் எடுத்துவிட்டால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் ரீசார்ஜை நிறுத்திய வீடுகள் இப்போது நிறைய. பிள்ளைகள் போனில் பார்த்துக்கொள்கிறார்கள், பெரியவர்களுக்கு மட்டும் டிவி வேண்டியிருக்கிறது. அவர்கள் பார்க்கும் இரண்டு மூன்று சேனலுக்காக மாதாமாதம் பணம் கட்ட வீட்டில் யாருக்கும் மனசு வருவதில்லை. பெட்டி பரணுக்குப் போய்விடுகிறது. டிஷ் மட்டும் மாடியில் வெயிலிலும் மழையிலும் அப்படியே நிற்கிறது. ஒரு நாள் பழைய இரும்புக்காரர் வந்தால் அதுவும் எடைக்குப் போய்விடும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆன்டெனா வயரைச் சொருகினால் அந்தப் பெட்டியில் படம் வராது. ஆனால் மாடியில் நிற்கும் அதே டிஷ், சுவரோரம் இறங்கும் அதே கேபிள், அதிர்ஷ்டம் இருந்தால் பரணில் கிடக்கும் அதே பெட்டி, இவற்றை வைத்தே மாசக் காசு இல்லாமல் டிவி பார்க்கலாம். எப்படி என்பதை விவரமாகவே எழுதுகிறேன். கடைக்காரர்கள் இதைச் சொல்லித்தர நேரம் எடுத்துக்கொள்வதில்லை, புதுப்பெட்டி விற்பதுதான் அவர்களுக்குச் சுலபம்.

முதலில் ஆன்டெனாவில் ஏன் வராது என்பது. செட்டாப் பாக்ஸ் என்று நாம் பொதுவாகச் சொல்லும் பெட்டியில் மூன்று ஜாதி உண்டு. வெளிப்பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். டிஷ்ஷுக்கானது ஒன்று, அரசு கேபிள்காரர் கொடுத்தது போன்ற கேபிள் பெட்டி ஒன்று, கோபுரத்திலிருந்து ஆன்டெனா வழியாக வரும் டிஜிட்டல் ஒளிபரப்புக்கானது ஒன்று. மூன்றுக்குள்ளும் படத்தை விரித்துக் காட்டும் சிப்பின் வேலை ஒன்றுதான். வேறுபடுவது வாசலில் நிற்கும் ட்யூனர். டிஷ் பெட்டியின் ட்யூனருக்கு 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரைதான் காது கேட்கும். கோபுர ஒளிபரப்பு வருவதோ பெரும்பாலும் 470 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் யு.எச்.எஃப். அலையில். எண் மட்டும் வேறு என்றால்கூட ஏதாவது செய்து பார்க்கலாம். அலையில் தகவலை ஏற்றும் முறையே வேறு. டிஷ்ஷுக்கு வருவது ஒற்றை அலையில் அடுக்கிய தகவல். கோபுரத்திலிருந்து வருவது ஆயிரக்கணக்கான மெல்லிய அலைகளில் பிரித்துப் போட்ட தகவல். கட்டடங்களிலும் மலைகளிலும் முட்டித் திரும்பும் எதிரொலியைச் சமாளிக்க அப்படிச் செய்கிறார்கள். ஒன்றுக்கென்று செய்த சிப்புக்கு மற்றது வெறும் இரைச்சல்தான். சாஃப்ட்வேர் மாற்றியெல்லாம் இதைச் சரிசெய்ய முடியாது. பெட்டியின் முதுகைத் திருப்பி, கேபிள் சொருகும் இடத்தில் எல்.என்.பி. என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது டிஷ்ஷுக்கு மட்டுமே பிறந்த பெட்டி.

ஆன்டெனா என்றதும் எங்கள் ஊர்ப் பெரியவர்களின் முகம் மலர்வதற்குக் காரணம் இருக்கிறது. தென் மாவட்டங்களுக்கு டிவி வந்ததே மலை உச்சிகளிலிருந்துதான். சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிவிட்டது, ஆனால் அந்த அலை மதுரை வரை எட்டவில்லை. 1982 பிப்ரவரியில் இலங்கையின் ரூபவாஹினி தொடங்கியது. அதன் கோபுரம் நின்ற பிதுருதாலகல மலை 2524 மீட்டர் உயரம், அந்தத் தீவிலேயே உயரமானது. மன்னார் வளைகுடாவைத் தாண்டி அந்த அலை தென் தமிழ்நாட்டுக்குள் வந்தது. மூங்கிலையும் இரும்புக் குழாயையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டி, பூஸ்டர் வைத்து, ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பி, புள்ளி புள்ளியாக வந்த படத்தைத் தெருவே கூடிப் பார்த்த காலம் அது. கடலுக்கு மேலே காற்றின் அடுக்குகள் அமைந்த விதத்தைப் பொறுத்து ஒரு நாள் கண்ணாடியாகத் தெரியும், மறுநாள் ஒன்றுமே தெரியாது.

அதன்பின் கொடைக்கானல் கோபுரம் வந்தது. வீட்டு ஆன்டெனாக்கள் எல்லாம் மேற்கு வடமேற்காகத் திரும்பின. இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் நிற்கும் மலையிலிருந்து அலையை விட்டால், பூமியின் வளைவு அதை மறைக்க 180 கிலோமீட்டர் வரை ஆகும். மதுரையிலிருந்து கொடைக்கானல் நேர்கோட்டில் 80 கிலோமீட்டர்கூட இல்லை. திண்டுக்கல், தேனி, சிவகங்கை, விருதுநகர் என்று இந்தச் சமவெளி முழுவதையும் ஒரே கோபுரம் பார்த்துக்கொண்டது. ஆன்டெனாவும் டிவியும் வாங்கியவருக்கு அதற்குமேல் செலவில்லை. இப்படித்தான் நம் ஊரில் தொலைக்காட்சி பழகியது: யாருக்கும் மாத வாடகை கட்டாமல், காற்றில் வருவதைப் பிடித்து.

கோபுரத்திலிருந்து டிஜிட்டலாக ஒளிபரப்பும் வேலையைத் தூர்தர்ஷன் 2016 பிப்ரவரியில் 16 நகரங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டிலிருந்து சென்னை மட்டும் அந்தப் பட்டியலில் இருந்தது, மதுரை இல்லை. பிறகு தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை வரிசையாக மூடியது. எல்லையோரம் போன்ற முக்கிய இடங்களில் ஐம்பது வாக்கில் விட்டுவிட்டு மற்றவற்றை 2022 மார்ச்சுக்குள் நிறுத்துவதாக 2021-லேயே அறிவித்துவிட்டார்கள். அதனால் நம் பக்கத்தில் ஆன்டெனாவை நம்பி டிஜிட்டல் டிவி பார்க்கும் பழக்கம் வேர்விடவே இல்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. இப்படி ஒரு மலையை வைத்துக்கொண்டு ஒரு சமவெளிக்கே இலவசமாக டிஜிட்டல் ஒளிபரப்பைக் கொடுக்க முடியும் என்பது இயற்கை செய்து வைத்திருக்கும் ஏற்பாடு. அதை முழுசாகப் பயன்படுத்தியிருக்க வேண்டும்.

சரி, மலை கைவிட்ட இடத்தில் வானம் இருக்கிறது.

2004 டிசம்பரில் தூர்தர்ஷன் 'டிடி டைரக்ட் பிளஸ்' என்ற பேரில் இலவச டிஷ் சேவையைத் தொடங்கியது. இப்போது அதன் பேர் டிடி ஃப்ரீ டிஷ். நாடு முழுக்க நான்கு கோடிக்கு மேற்பட்ட வீடுகளில் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். மாதச் சந்தா கிடையாது. ஒருமுறை டிஷ்ஷும் பெட்டியும் வைத்துவிட்டால் போதும். முதலில் வேறொரு செயற்கைக்கோளில் இருந்தது, பிறகு இன்சாட்-4பி-க்கு வந்தது, இப்போது 2015 நவம்பரில் ஏவிய ஜிசாட்-15-இல் இருக்கிறது. பின்னவை இரண்டும் நிற்கும் இடம் ஒன்றே: கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகை. இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வரப்போகிறது.

இதில் நம் ஊருக்கு ஒரு வசதி உண்டு. 2007 டிசம்பரில் வந்த சன் டைரக்ட் முதலில் உட்கார்ந்தது அதே இன்சாட்-4பி-யில்தான். 2010 ஜூலையில் அந்தக் கோளில் மின்சாரக் கோளாறு ஏற்பட்டு, பாதி ட்ரான்ஸ்பாண்டர்களை அணைக்க வேண்டியதாயிற்று. அப்போது அந்தச் சேவை 91.5 பாகையில் இருந்த மீசாட்-3 பக்கம் மாறியது. அதனால் தமிழ்நாட்டு மாடிகளில் நிற்கும் பழைய டிஷ்களில் ஏராளமானவை ஃப்ரீ டிஷ் இருக்கும் திசையையோ, அதற்கு இரண்டே பாகை தள்ளியோதான் பார்த்துக்கொண்டிருக்கின்றன. கழற்றி மாட்ட வேண்டியதே இல்லை, நட்டைத் தளர்த்தி ஒரு தட்டு தட்டினால் போதும்.

மற்ற டிஷ்கள் என்றால் கொஞ்சம் அதிகம் திருப்ப வேண்டும். மதுரையிலிருந்து கணக்குப் போட்டால் 93.5 பாகைக் கோள் தெரியும் இடம், வடக்கிலிருந்து வலமாக எண்ணிக்கொண்டு போனால் 122 பாகை. தரையிலிருந்து உயரம் 68, 69 பாகை. டாடா ப்ளே டிஷ் பார்ப்பது 83 பாகைக் கோளை. அது நமக்கு இன்னும் தெற்கே, 77 பாகை உயரத்தில், ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல். ஏர்டெல் பார்ப்பது 108.2. அது நன்றாகக் கிழக்கே தள்ளி 53 பாகை உயரத்தில். ஆக டாடா டிஷ்ஷைக் கிழக்கே திருப்பித் தாழ்த்த வேண்டும், ஏர்டெல் டிஷ்ஷைத் தெற்கே திருப்பி நிமிர்த்த வேண்டும்.

பாகையெல்லாம் மாடியில் நின்றால் மறந்துவிடும். மதுரைக்காரர்களுக்குச் சுலபமான அடையாளம் மானாமதுரை. நீங்கள் நகருக்குள் எங்கே இருந்தாலும் மானாமதுரை எந்தப் பக்கம் என்று கை காட்டத் தெரியும். அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்கள், திசை சரி. அப்புறம் தலையை நன்றாக நிமிர்த்தி வானத்தைப் பாருங்கள், உயரமும் சரி. டிஷ்ஷின் முகத்தை மட்டும் அவ்வளவு நிமிர்த்த வேண்டாம். வீட்டு டிஷ்கள் அலையைச் சாய்வாக வாங்கி, முன்னால் நீட்டிய கம்பியில் இருக்கும் எல்.என்.பி. என்ற அலைவாங்கிக்கு அனுப்பும் வகையைச் சேர்ந்தவை. அவை கண்ணுக்குத் தெரிவதைவிட 25 பாகை வாக்கில் மேலே பார்க்கும். அதனால் தட்டு ஏறக்குறைய 45 பாகை சாய்ந்து நின்றால், அது உண்மையில் 70-ஐ ஒட்டிய உயரத்தைப் பார்க்கிறது என்று அர்த்தம். டெல்லியில் இதே கோள் 52 பாகை உயரத்தில்தான் தெரியும். வடக்கே எடுத்த வீடியோவைப் பார்த்து அதே சாய்வில் இங்கே வைத்தால் ஒன்றும் கிடைக்காது.

கோள் இவ்வளவு உயரத்தில் இருப்பதில் பெரிய லாபம் இருக்கிறது. மூன்று மீட்டர் உயரச் சுவர் பக்கத்திலே நின்றாலும், ஒன்றேகால் மீட்டர் தள்ளி டிஷ் வைத்தால் போதும், சுவர் மறைக்காது. மாசி வீதிகளுக்கு உள்ளே போகும் சந்துகளில், நாலுபக்கமும் அடுத்த வீட்டு மாடி எழும்பி நிற்கும் முற்றத்தில்கூட ஃப்ரீ டிஷ் எடுக்கும். தென்னை மட்டையும் வேப்பங்கிளையும்தான் எதிரி.

செலவில்லாத இன்னொரு வழி சொல்கிறேன். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசி வாரத்திலும், காலை பதினொரு மணியை ஒட்டி, சூரியன் சரியாக இந்தக் கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். டிஷ் வைத்திருப்பவர்களுக்கு அந்த நாட்களில் சில நிமிடம் படம் போய்விடும், சூரியனின் இரைச்சல் கோளின் மெல்லிய சத்தத்தை மூடிவிடுவதால். புதிதாக டிஷ் வைப்பவருக்கோ அது வரம். அந்த நேரத்தில் சூரியன் இருக்கும் இடம்தான் கோள் இருக்கும் இடம். எல்.என்.பி.யின் நிழல் தட்டின் எந்த இடத்தில் விழுகிறது என்று, ஏற்கெனவே நன்றாக வேலை செய்யும் பக்கத்து வீட்டு ஃப்ரீ டிஷ்ஷில் பார்த்து, நம் டிஷ்ஷிலும் அதே இடத்தில் விழும்படி திருப்பினால் வேலை முக்கால்வாசி முடிந்தது. ஒரே அளவு, ஒரே வகை டிஷ்ஷாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சூரியனை வெறும் கண்ணால் பார்க்காதீர்கள், நிழலை மட்டும் பாருங்கள்.

கருமாத்தூர் பக்கம் சித்தப்பா வீட்டில் இதைச் செய்தபோது கண்டதைக் கொஞ்சம் சொல்கிறேன். டிஷ் பல வருஷமாகச் சும்மா நின்றது. எல்.என்.பி.யின் வாய்மூடி வெயிலில் வெடித்து, உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது. கூட்டைத் தட்டிவிட்டு, முதுகில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைத் துடைத்துப் பார்த்தேன். 9.75 என்று இருந்தது. அதுதான் வேண்டும். ஃப்ரீ டிஷ்ஷின் 11090 மெகாஹெர்ட்ஸ் அலையிலிருந்து 9750-ஐக் கழித்தால் 1340, அது பெட்டியின் ட்யூனருக்குக் கேட்கும் எல்லைக்குள் வருகிறது. 10.6 மட்டும் எழுதிய எல்.என்.பி.யாக இருந்தால் கழித்து வருவது 490. பெட்டிக்கு அது கேட்காது, அதை மாற்றியே ஆக வேண்டும்.

கேபிள் நுனியில் எஃப் கனெக்டரைக் கழற்றினால் நடுக்கம்பியில் பச்சைக் களிம்பு. ஒரு சாண் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் சீவினேன். மேல் கறுப்புத் தோல், அடியில் சல்லடைபோல் பின்னிய கம்பி, அதற்கடியில் வெள்ளித்தாள், பிறகு வெள்ளை நுரை, நடுவில் செம்பு பூசிய கம்பி. இதில் பின்னல் கம்பியின் ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டுவிட்டாலும் போச்சு. பெட்டியிலிருந்து எல்.என்.பி.க்கு மின்சாரமும் இந்தக் கேபிள் வழியாகத்தான் ஏறுகிறது, இழை தொட்டால் அது ஷார்ட் ஆகும். அதனால் கனெக்டரைத் திருகும்போதெல்லாம் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும்.

பெட்டியையும் சின்ன டிவியையும் மாடிக்கே தூக்கிப்போய், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கரண்ட் எடுத்தோம். மெனுவில் ட்ரான்ஸ்பாண்டர் 11090, சிம்பல் ரேட் 29500, போலாரிட்டி வெர்டிகல். திரையில் இரண்டு பட்டைகள் வந்தன. இதைப் புரிந்துகொள்ளாமல்தான் பலபேர் பாதி நாள் மாடியில் காய்கிறார்கள். மேலே ஸ்ட்ரெங்த், கீழே குவாலிட்டி. முதலாவது எல்.என்.பி.யும் கேபிளும் உயிரோடு இருக்கின்றன என்பதை மட்டும்தான் சொல்லும். டிஷ்ஷை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது ஏதோ ஒரு அளவு காட்டிக்கொண்டே இருக்கும். கோள் கிடைத்ததைச் சொல்வது இரண்டாவது பட்டை. அது பூஜ்யத்திலேயே படுத்திருக்கும், சரியான இடம் வந்ததும் ஒரே தாவாக எழும்பும்.

துருப்பிடித்த போல்ட்டில் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துத்தான் அசைக்க முடிந்தது.

"அங்கிட்டு கொஞ்சம் திருப்புங்க சித்தப்பா."

"இதுக்கு மேல திருப்புனா போல்ட்டு அந்துரும்டா."

"ஒரு நூல் போதும். மெல்ல... மெல்ல... அப்படியே நிறுத்துங்க, வந்துருச்சு!"

ஒரு நூல் என்பது மிகையில்லை. அறுபது சென்டிமீட்டர் டிஷ் வானத்தில் பார்க்கும் வட்டத்தின் அகலமே மூன்று பாகை அளவுதான். திருப்பிவிட்டு இரண்டு மூன்று நொடி காத்திருக்க வேண்டும், பெட்டி அலையைக் கவ்வ அவ்வளவு நேரம் எடுக்கும். அவசரமாகத் திருப்பிக்கொண்டே போனால் கோளைத் தாண்டிப் போய்விடுவோம். குவாலிட்டி எழும்பிய பிறகு எல்.என்.பி.யை அதன் பிடிக்குள்ளேயே இடமும் வலமுமாகத் திருகிப் பாருங்கள். அதில் கடைசி பத்துப் பதினைந்து சதவீதம் ஏறும். அந்தப் பதினைந்து சதவீதம்தான் மழை நாளில் படத்தைக் காப்பாற்றும்.

இனி பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

கருமாத்தூரில் நாங்கள் கடைசியில் பயன்படுத்தியது கடையில் ஆயிரம் ரூபாயை ஒட்டி விற்கும் ஃப்ரீ டிஷ் பெட்டியை. சித்தப்பா வீட்டில் ஏற்கெனவே ஒரு நிறுவனத்தின் பெட்டி நல்ல நிலையில் இருந்தது. கரண்ட் கொடுத்தால் எரிந்தது, ரிமோட் வேலை செய்தது, ட்யூனர் நன்றாகவே இருந்தது. ஆனால் கார்டில் பணம் இல்லை என்ற ஒரே அறிவிப்போடு நின்றுவிட்டது. புதிய ட்ரான்ஸ்பாண்டரை எழுத மெனுவில் இடமே இல்லை. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ட்யூனருக்கு ஃப்ரீ டிஷ் அலை கேட்கும், படத்தை விரிக்கும் சிப்புக்கு அதை விரிக்கத் தெரியும். குறை எதுவும் உறுப்பில் இல்லை. பூட்டியிருப்பது சாஃப்ட்வேர். எல்லாப் பெட்டியும் இப்படியில்லை, சிலவற்றில் மேனுவல் ஸ்கேன் திறந்தே இருக்கும். அதனால் பரணிலிருந்து இறக்கி மெனுவை ஒருமுறை துழாவிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கட்டணச் சேனலைப் பூட்டி வைப்பது நியாயம். அது அவர்கள் காசு கொடுத்து வாங்கி விற்கும் சரக்கு. ஆனால் பொதுமக்களின் பணத்தில் ஏவிய கோளிலிருந்து, பொதுமக்களுக்காக, பூட்டே இல்லாமல் வரும் அலையை ஒரு வீட்டுப் பெட்டி காட்ட மறுப்பதில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. பிரிட்டனில் ஸ்கை நிறுவனத்தின் பெட்டியில் சந்தா முடிந்துபோனாலும் இலவசச் சேனல்கள் தெரியும். அங்கேயே இதைவிடப் பொருத்தமான கதை ஒன்று உண்டு. 1998 நவம்பரில் ஆன்டிஜிட்டல் என்று ஒரு நிறுவனம், கோபுர ஆன்டெனா வழியாகவே கட்டண டிஜிட்டல் டிவி கொடுத்தது. பேரை ஐடிவி டிஜிட்டல் என்று மாற்றியும் தாக்குப்பிடிக்காமல் 2002-இல் மூடிவிட்டது. வீடுகளில் பெட்டிகள் அநாதையாகக் கிடந்தன. அதே வருஷம் அக்டோபர் 30 அன்று, அதே அலைவரிசைகளில் ஃப்ரீவியூ என்ற இலவசச் சேவை தொடங்கியது. அநாதையாகக் கிடந்த அந்தப் பெட்டிகளிலேயே அது தெரிந்தது. செத்த நிறுவனத்தின் பெட்டிகள் ஒரு நாட்டின் இலவச டிஜிட்டல் டிவிக்கு முதல் பார்வையாளர்களைக் கொடுத்தன.

நம் நாட்டிலும் இதற்கு முயற்சி நடக்காமல் இல்லை. எந்த நிறுவனத்தின் சேவைக்கும் ஒரே பெட்டியைப் பயன்படுத்தும் வசதி வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020 ஏப்ரலில் பரிந்துரை செய்தது. பூட்டைத் திறக்கும் பகுதியை மட்டும் தனியாக யுஎஸ்பி கருவியாகச் சொருகிக்கொள்வது அதன் யோசனை. இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் டிவிக்குள்ளேயே செயற்கைக்கோள் ட்யூனர் வைப்பதற்கான தர விதியை, ஐஎஸ் 18112 என்ற எண்ணில், 2022-இல் கொண்டு வந்தது. அப்படிப்பட்ட டிவியில் டிஷ் கேபிளை நேராகச் சொருகினால் ஃப்ரீ டிஷ் தெரியும், பெட்டியே தேவையில்லை. இனிமேல் புது டிவி வாங்கப்போகும் யாரும் டவுன்ஹால் ரோட்டுக் கடையில் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். கேட்பவர்கள் கூடினால்தான் கடைக்காரர் அந்த மாடலை வரவழைப்பார்.

பெட்டி திறந்த பெட்டிதான், ஆனால் எரியவில்லை என்றால் உடனே குப்பைக்கு அனுப்ப வேண்டாம். பழைய பெட்டிகள் சாவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: பவர் சப்ளையில் இருக்கும் கெப்பாசிட்டர். டிவி அலமாரிக்குள், வருஷக்கணக்கில் சுவிட்சை அணைக்காமல், மதுரை வெயிலில் வேகும் பெட்டிக்குள் அந்த உருளைகள் காய்ந்து, தலை உப்பிவிடும். சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிவது, பெட்டி தானாக அணைந்து அணைந்து எழுவது, காலையில் ஸ்டார்ட் ஆக நேரமெடுப்பது எல்லாம் இதன் அறிகுறிகள். மீனாட்சி பஜார் பக்கத்து ரிப்பேர்க் கடையில் கொடுத்தால் உப்பிய உருளையை மாற்றிக் கொடுப்பார்கள். வெளி அடாப்டர் உள்ள பெட்டி என்றால் முதலில் அடாப்டரையே மாற்றிப் பாருங்கள். நேரடியாக 230 வோல்ட் உள்ளே போகும் பெட்டியைப் பழக்கமில்லாதவர்கள் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

பழைய பெட்டிக்கு ஏற்ற பழைய டிவியும் நம் வீடுகளில் இருக்கிறது. 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் கொடுத்த 14 அங்குல டிவிகளில் எத்தனையோ இன்னும் எரிகின்றன. மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரைச் சொருகினால் பழைய பெட்டியின் படம் அதில் கச்சிதமாக இருக்கும். அந்தக் காலத்துப் படத்தை 43 அங்குலத் திரையில் இழுத்துப் பார்த்தால்தான் மங்கலாகத் தெரியும். திண்ணையில் வைக்க, மாட்டுக்கொட்டகையில் வைக்க, தோட்டத்து மோட்டார் ரூமில் வைக்க இந்த ஜோடியை மிஞ்ச ஒன்றுமில்லை. வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஃப்ரீ டிஷ்ஷில் எம்பெக்-2 முறையில் வரும் சேனல்கள் எல்லாப் பெட்டியிலும் தெரியும், எம்பெக்-4 முறையில் வருபவை அதற்கான பெட்டியில் மட்டும்தான். புதிதாக வாங்குவதாக இருந்தால் எம்பெக்-4 பெட்டியே வாங்குங்கள்.

என்னென்ன தெரியும் என்று கேட்பீர்கள். டிடி தமிழ் தெரியும். பொதிகை என்று இத்தனை காலம் அழைத்ததுதான், 2024 ஜனவரியில் பேர் மாற்றினார்கள். மற்ற மாநிலத் தூர்தர்ஷன்கள், டிடி ஸ்போர்ட்ஸ், செய்திச் சேனல்கள், நிறைய இந்திச் சேனல்கள். கல்விச் சேனல்களின் வரிசை பெரியது. 2017 ஜூலையில் 32 சேனல்களோடு தொடங்கிய ஸ்வயம் பிரபா இதே ஜிசாட்-15-இல்தான் வருகிறது. 2020-இல் பள்ளிப் பிள்ளைகளுக்காக வகுப்புக்கு ஒன்று என்று பிஎம் இ-வித்யா சேனல்கள் சேர்ந்தன. போனில் டேட்டா தீர்ந்துபோகும் வீட்டுப் பிள்ளைக்கு இவை பயன்படும்.

தமிழ்தான் குறைவு. தனியார் சேனல்களுக்கான இடத்தை ஏலத்தில் விடுகிறார்கள். ஏலத்தில் பெரும்பாலும் இந்திச் சேனல்கள் ஜெயிக்கின்றன, அங்கேதான் இந்தச் சேவையின் பார்வையாளர் கூட்டம் அதிகம். தமிழ்ச் சேனல்கள் வராததால் தமிழ் வீடுகள் வைப்பதில்லை, தமிழ் வீடுகள் இல்லாததால் தமிழ்ச் சேனல்கள் ஏலத்துக்கு வருவதில்லை. இதை ஏலத்தால் உடைக்க முடியாது. ஒவ்வொரு மொழிக்கும் இவ்வளவு இடம் என்று பிரசார் பாரதி ஒதுக்கினால்தான் உடையும். மதுரை மாடிகளில் சும்மா நிற்கும் டிஷ்களெல்லாம் 93.5-க்குத் திரும்பினால் அந்தக் கோரிக்கைக்குக் கொஞ்சம் கனம் கூடும் என்று நான் நம்புகிறேன்.

திருப்பி வைத்துவிட்டீர்கள் என்றால் கடைசியாக ஒரு வேலை பாக்கி. ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னால் எல்.என்.பி. கனெக்டரின் மேல் செல்ஃப் சீலிங் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றிவிடுங்கள், அது கிடைக்காவிட்டால் சைக்கிள் ட்யூப் துண்டை இறுக்கிக் கட்டுங்கள். கேபிளை எல்.என்.பி.க்குக் கீழே ஒரு வளையமாகத் தொங்கவிட்டுப் பிறகு கம்பியோடு கட்டுங்கள், ஓடிவரும் தண்ணீர் அந்த வளையத்தின் அடியில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் போகாது. வெடித்த வாய்மூடிக்கு மேல் மெல்லிய பிளாஸ்டிக் டப்பா மூடியை ஒட்டலாம், அலை அதைத் தாண்டி உள்ளே வரும். அலுமினியத் தாளோ டின் மூடியோ மட்டும் வைத்துவிடாதீர்கள், படம் மொத்தமாக நின்றுவிடும். நட்டுகளை இறுக்கும்போது ஒரு ஆள் குவாலிட்டி பட்டையைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும், இறுக்குகிற இறுக்கில் டிஷ் ஒரு நூல் நகர்ந்துவிடும்.